கல்குவாரி ஆந்தையின் முகவரி

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்கு "ஆந்தையக்கா" என்று பெயர் வந்ததில் அவளுக்கு வருத்தமே இல்லை. ஞாயிறு தவறாமல் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கைவிட்டுக் கிடந்த கல்குவாரிக்குக் கிளம்பிவிடுவாள். "பொண்டாட்டி எங்கேன்னு கேட்டா ஆந்தை பாக்கப் போயிருக்கான்னு சொல்ல வேண்டியிருக்கு. கேக்குறவன் என்னை ஒரு மாதிரி பாக்குறான்" என்பார் புருஷன்.

பறவை பார்ப்பவர்கள் குழுவுக்கு இணையத்தில் ஒரு பொதுப் பதிவேடு உண்டு. என்ன பறவை, எத்தனை, எங்கே, என்றைக்கு என்று எழுத வேண்டும். பதினோரு வருஷத்தில் அவள் எழுதியது ஆயிரத்துச் சொச்சம் வரிகள். குவாரிக்கென்று போய் எழுதியவள் அவள் ஒருத்திதான். சந்தேகம் என்றால் எழுதவே மாட்டாள். பவர் இம்மி பிசகினாலும் லென்ஸைத் தூக்கிப் போடுகிற கை அது.

அந்தச் சுத்தம்தான் வினையானது. போன வருஷம் "கல்குவாரி, கிழக்குச் சுவர், மூன்றாவது பாறைத்திட்டு, கொம்பன் ஆந்தைக் கூடு" என்று எழுதினாள். அடுத்த ஞாயிறே இருபத்திரண்டு கேமராக்கள் வந்து இறங்கின. குழுத் தலைவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் "மேனேஜர்". அவர் கூட்டுக்கு நேர் எதிரே நின்று பளிச் பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தார். தாய் பறந்துபோய்விட்டது. இரண்டு குஞ்சுகளும் வெயிலில் செத்தன. மேனேஜரின் படத்துக்குப் போட்டியில் முதல் பரிசு. குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள். நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

இந்த வருஷம் ஜோடி திரும்பி வந்து அதே திட்டில் மூன்று முட்டை இட்டது. எழுதாவிட்டால் ஆந்தை எங்கே என்று துளைத்தெடுத்து, குவாரிக்கே தேடி வந்துவிடுவார்கள். முதன்முறையாகப் பொய் எழுதினாள்: "நீர்த்தேக்கம், தென்கரை."

இரண்டு ஞாயிறு அங்கே அலைந்து கால் நொந்த மேனேஜர் நேரே கடைக்கே வந்துவிட்டார்.

"நீர்த்தேக்கத்துல ஆந்தை உட்காரப் பாறையே கிடையாதும்மா. பொய்தானே?"

"ஆமா சார். குஞ்சு பறக்குற வரைக்கும்தான். அப்புறம் நானே திருத்திடலாம்னு..."

"ஒண்ணு பொய்னா மத்ததை எதை நம்பி வெச்சுக்கிறது?"

அன்று மாலையே அவளுடைய அத்தனை வரிகளையும் அழித்தார்கள். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குஞ்சுகள் மூன்றும் பறந்த அன்றுதான், போகட்டும், இது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஆறு மாதத்தில் நகராட்சி அறிவிப்பு வந்தது. குவாரியில் குப்பை கொட்டப் போகிறார்கள், ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் சொல்ல வேண்டும். அலறியடித்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கு ஓடினாள். எழுத்தர் பொதுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார்.

"அங்க ஒரு காக்கா கூட இருந்ததா காணோமேம்மா. படம் ஏதாவது இருக்கா?"

அவளிடம் கேமரா கிடையாது. குழுவில் கேட்ட மற்றவர்கள் மேனேஜரைக் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மானத்தை விட்டு மேனேஜர் வீட்டுக்குப் போனாள். பரிசுப் படம் கூடத்துச் சுவரில் பெரிதாகத் தொங்கியது. ஆந்தைக்குப் பின்னால், வெடி வைக்கத் துளைத்த தடம் பாறையில் தெளிவாகத் தெரிந்தது.

"இதைக் குடுங்க சார். இது ஒண்ணு போதும்."

"அது நீர்த்தேக்கத்துல எடுத்ததும்மா."

அவளுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கூட்டருகே எடுத்த படத்துக்குப் போட்டியில் இடமில்லை. குவாரி என்று போட்டால் அவள் எழுதிய வரியே காட்டிக்கொடுத்துவிடும் என்று மனுஷன் விண்ணப்பத்தில் இடத்தை மாற்றி எழுதியிருக்கிறார்.

"அங்க பாறையே கிடையாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"மாத்திரை போடுற நேரம்மா" என்று அவர் உள்ளே எழுந்து போனார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

லாரிகள் வந்தன. ஒரு வருஷத்தில் கிழக்குச் சுவர் வரைக்கும் குப்பை ஏறிவிட்டது. ஆந்தைகள் எங்கே போயின என்று அவளுக்கே தெரியாது.

அப்புறம் ஒருநாள் புருஷன் போனை நீட்டினார். மேனேஜர் அதே படத்தைப் போட்டிருந்தார். "நாம் இழந்த செல்வம். நெஞ்சு கனக்கிறது." கீழே நானூறு அழுகை முகங்கள்.

படத்தின் அடியில் இடமும் குறித்திருந்தார்: கல்குவாரி, கிழக்குச் சுவர், மூன்றாவது பாறைத்திட்டு.