பலகாரம் வராத தீபாவளி

நாங்கள் உலு திராம் என்ற ஊரில் வசிக்கும் கிறிஸ்தவக் குடும்பம். சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தின வாரம், எங்கள் சபை மூப்பர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில், "சாமிக்குப் படைத்த பலகாரத்தை விசுவாசிகள் தொடக்கூடாது" என்று எழுதினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "இதுவா இயேசு சொன்ன அன்பு?" என்று ஃபேஸ்புக்கில் போட்டேன். லைக் குவிந்தது.

தீபாவளியன்று பக்கத்து வீட்டு சரசு ஆன்ட்டியிடமிருந்து ஆண்டுதோறும் வரும் முறுக்கு வரவில்லை. போய்க் கேட்டேன்.

"படைக்கிறதுக்கு முன்னாடியே உங்க வீட்டுக்குத் தனியா எடுத்து வச்சிருவேன்மா. அது எனக்கும் உங்கம்மாவுக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம்லா. இப்ப உன் போஸ்ட்டுக்குக் கீழ என் தம்பியே, 'நம்ம குடுக்கிறத குப்பையிலதான் போடுவாங்க'ன்னு எழுதியிருக்கான். எப்படிக் குடுக்கிறது, சொல்லு."

மூப்பர் மீது எனக்கு இன்னும் எரிச்சல்தான். ஆனால் சபைக்குள் கிடந்த பேச்சை ஆன்ட்டி வீட்டு வாசல்வரை கொண்டுபோனது நான்தானே. நல்லிணக்கம் பேசப் போய், ஏற்கெனவே இருந்ததைக் கெடுத்தேன்.

இப்போது மூப்பருக்குப் பதில் சொல்வதென்றால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரில் போய்ச் சொல்கிறேன். முறைக்கிறார். முறைக்கட்டும், அது என்னோடு போகும்; ஆன்ட்டி வீட்டு வாசல்வரை போகாது.