இடது காதுப் பக்கம்

கடையில் அவரை மைனஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாதவர்களுக்குப் போடுகிற மைனஸ் லென்ஸை, அதுவும் எட்டு, ஒன்பது என்று ஏறிப்போன பவரை, ஓரம் தடித்துத் தெரியாமல் தேய்த்துக் கொடுக்க அந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை. கண்ணாடிக் கடையின் பின்பக்கம், தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும் தேய்ப்பு மிஷினுக்கு முன்னால் இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்திருந்தவர். பேச்சு குறைவு. கை மட்டும் சும்மா இருக்காது. வேலை இல்லாத நேரத்திலும் பக்கத்தில் நிற்பவரின் கண்ணாடியைக் கழற்றி வாங்கித் திருகை முடுக்கிக்கொண்டிருப்பார்.

இவரை நல்லவர் என்று சாதிக்க இதைச் சொல்லவில்லை. பெண்டாட்டியை அடித்தவர். அதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது.

அந்தப் பெண்டாட்டி அவருக்கு வாய்த்ததும் அதே கடையில்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கண்ணாடி செய்ய வந்தவள், காதில் மாட்டிப் பார்த்துவிட்டு, "எந்தக் கடையில செஞ்சாலும் இந்தப் பக்கம் அழுத்துது" என்று சலித்துக்கொண்டாள். மைனஸ் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"உங்க இடது காது ஒரு நூல் இறக்கம்" என்றார்.

"சரி, அதை ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காதீங்க."

அவர் கண்ணாடியின் காதில் மாட்டும் இடது காலை மட்டும் சூடு காட்டி இன்னும் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தார். அழுத்தவில்லை. அவர் அவளிடம் பேசிய நீண்ட பேச்சே அதுதான் என்று பிறகு அவள் பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் அது சிரிப்பு. போகப் போக அதுவே குறையாகிவிட்டது.

சம்பவத்தன்று சண்டைக்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பதின்மூன்று வயது மகள் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போகிற பயணத்துக்கு அனுமதி கேட்டாள். மைனஸ் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. மனைவி மகளிடம், "அப்பாகிட்ட ஏன் கேட்கிறே, சுவத்துகிட்ட கேளு. அதாவது எதிரொலிக்கும்" என்றாள். வாயால் பதில் சொல்லத் தெரியாத மனிதர் கையால் சொன்னார். மனைவியின் கண்ணாடி பறந்து சுவரில் மோதி, ஒரு லென்ஸ் விண்டு போயிற்று. பிரேமின் முனை கிழித்துப் புருவத்தில் இரண்டு தையல். மேல் வீட்டுக்காரம்மா போன் செய்துவிட்டார். கால் மணி நேரத்தில் போலீஸ் வந்தது.

"என்னம்மா நடந்தது?" என்று கேட்டார்கள். மனைவி உள்ளதைச் சொன்னாள். நாலு வார்த்தை மிரட்டி விட்டுவிட்டுப் போவார்கள் என்று அவள் நினைத்தாள். அவர்கள் உடைந்த கண்ணாடியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, அவரையும் வண்டியில் ஏற்றினார்கள். அந்த நிமிஷத்திலிருந்து வழக்கு அவள் கையை விட்டுப் போய்விட்டது. "எனக்கு வேண்டாம்" என்று அவள் சொன்னாலும் நிற்காது. அது அரசாங்கத்தின் வழக்கு.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்காக நீதிமன்றத்திலேயே ஓர் அறை உண்டு. ஒரு மேசை, ஆட்டம் போடும் காலுக்கு அடியில் மடித்த காகிதம், சுற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கிற மின்விசிறி. அங்கே இருந்த வக்கீலம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"முதல் தடவையா?"

"முதல் தடவைதாம்மா."

"என்கிட்ட வர்ற எல்லாருமே ஒரே ஒரு தடவைதான் அடிச்சிருக்காங்க. இத்தனை வருஷத்துல ரெண்டாவது தடவை அடிச்ச ஆளை நான் பார்த்ததே இல்ல."

மைனஸ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு வருஷம் முன்னாடி ஒரு தடவை பிடிச்சுத் தள்ளியிருக்கேன்" என்றார்.

வக்கீலம்மா எழுதுவதை நிறுத்தினார். "அப்பாடா. என்கிட்ட சொன்னது சரி. வேற யார்கிட்டயும் போய் ஒப்பிக்காதீங்க."

"உண்மைதானேம்மா?"

"உண்மைதான். நீங்க செஞ்சது சரின்னு வாதாட நான் வரல. அது தப்புன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செஞ்சதுக்கு மேல ஒரு தூசிகூட உங்க தலையில ஏறக்கூடாது. அவ்வளவுதான் என் வேலை."

அரசு வக்கீலிடம் பேசி அவர் ஓர் ஏற்பாடும் செய்து வைத்திருந்தார். நாற்பது நாள். வாரம் ஒரு முறை ஆலோசனை வகுப்புக்குப் போக வேண்டும். தடை உத்தரவை இம்மியும் மீறக் கூடாது. அப்படி இருந்துவிட்டால், குற்றத்தை ஒப்புக்கொண்டு எச்சரிக்கையோடு முடித்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் அதிகாரி முன்னிலையில் மகளைப் பார்க்கலாம். வீட்டுக்குத் திரும்புவதா வேண்டாமா என்பது மனைவியின் இஷ்டம்.

"இந்த நாப்பது நாள் நான் என்னம்மா பண்ணணும்?"

"சும்மா இருக்கணும்."

"அது போதுமா?"

"அது போதும். ஆனா அதுதான் யாருக்கும் வரமாட்டேங்குது."

உத்தரவில் எல்லாம் எழுதியிருந்தது. நேரிலோ, போனிலோ, எழுத்திலோ, வேறொருவர் மூலமாகவோ, பொருள் எதையும் அனுப்பியோ மனைவியையும் மகளையும் தொடர்புகொள்ளக் கூடாது. வக்கீலம்மா வாசித்துக் காட்ட ஆரம்பித்தபோது அவர், "புரியுதும்மா, கிட்ட போகக் கூடாது, பேசக் கூடாது" என்று தலையாட்டிவிட்டார். ஊருக்கெல்லாம் பொடி எழுத்தைப் படிக்க வழி செய்து கொடுத்தவர், தன் தலைவிதி எழுதிய காகிதத்தின் பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி மனசு வைத்ததால் கடையின் சாமான் அறையிலேயே பாய் போட்டுக்கொண்டார். சுற்றிலும் பிரேம் பெட்டிகள். சுவரில் பெரிசிலிருந்து சிறிசாக இறங்கும் எழுத்து அட்டை. முதல் முப்பது நாளை அவர் நன்றாகவே ஓட்டினார். ஆலோசனை வகுப்பில், "கோபம் வரும்போது உங்க உடம்புல எங்க முதல்ல தெரியுது?" என்று கேட்டதற்கு, "கையில" என்று சொல்லி நல்ல பெயர்கூட வாங்கினார். மகள் பயணத்துக்குப் போனாளா என்பது மட்டும் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை.

முப்பத்தோராம் நாள் முதலாளி வந்தார். நல்ல மனிதர், ஆனால் வாயில் எதுவும் நிற்காது. "கடைவீதி முனையில இருக்கிற கண்ணாடிக் கடைக்காரன் போன் பண்ணினான். மைனஸ் ஒன்பது லென்ஸ் நம்மகிட்ட இருக்கான்னு கேட்கிறான். அவனுக்கு வர மூணு வாரம் ஆகுமாம். சீட்டைப் படிச்சுக் காட்டினான். உன் வீட்டு பவர்ப்பா."

மைனஸுக்குக் கை ஓடவில்லை. மருந்து பேக்கிங் செய்கிற இடத்தில் மாத்திரை அட்டைகளில் தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது மனைவியின் வேலை. கண்ணாடி இல்லாமல் தன் கை விரலுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு எல்லாம் பஞ்சு. பத்து வருஷத்துக்கு முந்திய பழைய கண்ணாடியை வைத்துச் சமாளிக்கிறாளாம். தேதியைத் தப்பாகப் பார்த்து, இப்போது பெட்டி ஒட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்களாம்.

"நம்மகிட்ட ரெண்டு லென்ஸ் இருக்கு. அவனுக்கு அனுப்பி விட்டுடறேன். அவன் செஞ்சு குடுத்துடுவான்" என்றார் முதலாளி.

அத்தோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. லென்ஸ் கடைக்குப் போகும், கடையிலிருந்து அவளுக்குப் போகும், எந்த உத்தரவும் அதைக் கேள்வி கேட்காது. ஆனால் இவர் தொழில்காரர் ஆயிற்றே.

"அவன் சென்டர் தள்ளி வைப்பான். இந்தப் பவருக்கு அரை மில்லி தள்ளினாலும் தலைவலி பிடுங்கி எடுக்கும்" என்றார் மைனஸ். "காதுலயும் அழுத்தும். நானே பண்ணிடறேன்."

மத்தியானம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து செய்தார். இரண்டு கண்மணிக்கும் நடுவே உள்ள தூரம் அவருக்கு மனப்பாடம். மையத்தைக் குறித்து, தேய்த்து, ஓரத்தை மழித்து, கனம் தெரியாத பிரேமாகப் பார்த்துப் பொருத்தினார். கடைசியில் இடது காலைச் சூட்டில் காட்டி ஒரு நூல் கூடுதலாக வளைத்தார். தன் பெயர் எழுதாத வெள்ளைப் பெட்டியில் வைத்து, ஒரு துண்டுச் சீட்டுக்கூட வைக்காமல், நேராக வீட்டுக்கே கூரியரில் அனுப்பினார். பேசவில்லை, கிட்டப் போகவில்லை, எழுதவில்லை. அன்றைக்கு ஒரு மாதத்துக்கப்புறம் நன்றாகத் தூங்கினார், பாவம்.

நான்காம் நாள் வக்கீலம்மா போன் செய்தார். "கண்ணாடி அனுப்பினீங்களா?"

"பேர் எழுதலையேம்மா."

"மாசம் ஒரு தடவை உங்க வீட்டுக்கு வந்து பார்க்கிற அதிகாரியம்மா, புதுக் கண்ணாடி ஏதுன்னு கேட்டிருக்காங்க. உங்க வீட்டம்மா மறைக்கல. அறிக்கை போயிடுச்சு. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா ரெண்டே நாள்ல மனு போட்டு, அரசு வக்கீல் கையாலயே குடுக்க வச்சிருப்பேன்."

"நான் வேணா போய் அந்த அதிகாரியம்மாகிட்ட..."

"தயவுசெஞ்சு எங்கயும் போகாதீங்க."

விசாரணை நடந்த கூடம் சின்னது. வெளியிலிருந்து வாசலுக்கு ஒரு படி ஏற்றம். தரையும் படியும் ஒரே சாம்பல் நிறம். உள்ளே வரும்போது மைனஸே தடுக்கி விழப் பார்த்தார். கண் நன்றாக இருப்பவனுக்கே இந்தக் கதி என்று நினைத்துக்கொண்டார். மனைவி தனியாகத்தான் வந்திருந்தாள். அவர் செய்த கண்ணாடியைப் போட்டிருந்தாள். புருவத்துத் தையலின் தழும்பு பிரேமுக்கு மேலே தெரிந்தது. மூக்கில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் அவர் முதலில் பார்த்தார். உட்கார்ந்திருந்தது.

"இதை அனுப்பினவர் யாருன்னு பெட்டியில எழுதியிருந்ததா?" அரசு வக்கீல் கேட்டார்.

"இல்ல."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"இடது காதுப் பக்கம் அழுத்தல. வேற யார் செஞ்சாலும் அழுத்தும்."

"தெரிஞ்சதும் என்ன நினைச்சீங்க?"

"வீட்டுல நடக்கிறது எல்லாம் அவருக்குத் தெரியுது போலன்னு பட்டுது. கதவைப் பூட்டிட்டேன்."

மைனஸ் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெட்டியைத் திறக்கும்போது அவள் முகம் எப்படி மலரும் என்று நாலு நாளாகக் கற்பனை செய்து வைத்திருந்த மனிதர் அவர். இவளுக்கு என் கையைப் பார்த்தால் இப்போது இதுதான் தோன்றுகிறது என்பது அவருக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது.

வக்கீலம்மா எழுந்தார். "பயமா இருந்தும் ஏம்மா போட்டுக்கிட்டீங்க?"

"கண்ணு தெரியணுமே. வேலைக்குப் போகணுமே. அதுக்காக மன்னிச்சுட்டேன்னு அர்த்தம் இல்ல." நீதிபதி பக்கம் திரும்பி, "அதுக்காக இவரை உள்ள போடச் சொல்லியும் நான் கேட்கல. என்னை யாருமே கேட்கல" என்றாள்.

வக்கீலம்மா தன்னால் ஆனதை எல்லாம் சொன்னார். மிரட்டல் இல்லை, செய்தி இல்லை, பார்வை போனவளுக்குப் பார்வை கொடுத்தது மட்டும்தான் என்றார். நீதிபதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, பொருள் அனுப்பக் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது என்றார். ஏற்பாடு ரத்து. வழக்கு முழு விசாரணைக்குப் போகும். தீர்ப்பு வரும் வரை தடை தொடரும். ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பு கிடையாது. எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

அப்போதுதான் அரசு வக்கீல், அந்தக் கண்ணாடியைச் சான்றுப் பொருளாகச் சேர்க்க வேண்டும் என்றார்.

"போட்டோ போதுமே" என்றார் வக்கீலம்மா.

"உடைஞ்ச கண்ணாடி பொருளாத்தான் இருக்கு. இதுவும் அப்படித்தான் இருக்கணும்."

"இதைக் குடுத்துட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் மனைவி. "பழசு வீட்டுல இருக்கு."

"மனு போடுங்கம்மா. ரெண்டு வாரத்துல திரும்பக் கிடைக்கும்" என்றார் நீதிபதி. கடுமையாகச் சொல்லவில்லை. விதி அப்படி.

அவள் கழற்றிக் கொடுத்தாள். எழுத்தர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, எண் எழுதினார்.

பாதிக்கப்பட்டவர் முதலில் வெளியேற வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் பத்து நிமிஷம் கழித்து. அவள் பெஞ்சுகளின் முதுகைப் பிடித்துப் பிடித்துக் கதவுக்குப் போனாள். வாசலில் நின்றாள்.

"இங்க படி ஏதாவது இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டாள்.

எழுத்தர் கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வழக்கின் எண்ணை ஒருவர் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். யார் காதிலும் விழவில்லை. மைனஸ் எழுந்தேவிட்டார். வாசலுக்கு முதுகு காட்டி நின்ற வக்கீலம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருங்க. ஒரு வார்த்தை பேசினீங்கன்னா இன்னைக்கே உள்ள வச்சிடுவாங்க. அப்புறம் உங்க பொண்ணை மறந்துட வேண்டியதுதான்."

அவர் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டார். சும்மா இருந்தார்.

மனைவி காலை முன்னால் வைத்து, இல்லாத தரையில் மிதித்து, முழங்கால் மடங்கி விழுந்தாள். ஒருவர் ஓடி வந்து தூக்கி நிறுத்தினார். எழுந்து நின்றதும் அவள் கை தானாக இடது காதுப் பக்கம் போய்த் தடவிப் பார்த்துவிட்டு இறங்கியது.