சீ சொன்னவர் முன்னே வரவும்

என் அண்ணி கோமதி டீச்சர் காலமான செய்தி, தியாகராய நகரில் நான் வாழைப்பழம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது வந்தது. பேசியவன் அவர் மகன் சுரேஷ்.

"சித்தப்பா, அம்மா போயிட்டாங்க. கால் புண்ணு வாடை வீடெல்லாம் அடிக்குது. ஐஸ் பெட்டிக்கு சீக்கிரம் சொல்லுங்க."

பெற்ற தாய் போன செய்தியிலேயே வாடையையும் சேர்த்துச் சொன்ன பிள்ளை! எனக்கு வாய் கசந்துவிட்டது. பழத்தைக் கடையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அண்ணியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியின் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலையில் சேர்ந்தவர் அவர். தபால் வழியில் விலங்கியல் படித்து, அதே ஆய்வகத்தில் உயிரியல் ஆசிரியையாக நின்றார். அந்தப் பட்டத்தில் பாதி என்னுடையது. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன்தான். ஆனால் அவர் அறுத்துக் காட்டக் கரப்பான் பிடித்துக் கொடுத்தவன் நான். ஆழ்வார்பேட்டையில் என் மெக்கானிக் கடைக்குப் பின்னால் நான் பிடித்த கரப்பான் ஒன்று சுண்டெலியையே துரத்தியது. அதைப் பார்க்கப் பேராசிரியர்கள் வரிசையில் நின்றார்கள்.

அண்ணியின் வகுப்பில் ஒரே சட்டம். மேசைமேல் கிடப்பதைப் பார்த்து யார் "சீ" என்கிறாரோ, அவர்தான் முன்னே வந்து அதைக் கையில் எடுக்க வேண்டும். ஒருமுறை கரப்பான் டப்பாவோடு போன நான், அங்கே கிடந்த ஆட்டுக் குடலைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

"யாரு, தம்பியா? வாங்க முன்னாடி."

"அண்ணி, நான் கிரீஸ் தொடற ஆளு. இதெல்லாம் இன்னாத்துக்கு?"

"உங்க வயித்துலயும் இதான் இருக்கு. புடிங்க."

"அங்கிள், கண்ணத் தொறங்க!" என்று பெண்கள் சிரித்தார்கள். நான் பிடித்த பிடியில் குடலே நடுங்கியது.

"அருவருப்பு தப்பில்ல தம்பி. அதச் சாக்கா வெச்சு தூரப் போயிடறதுதான் தப்பு" என்றார் அண்ணி.

ஓய்வு பெற்றதும் அடையாறில் டாக்டர் படிப்பு நுழைவுத் தேர்வுக்கான ஒரு பயிற்சி மையத்துக்குப் போனார். "சரியான விடைக்கு டிக் அடிக்கக் கத்துக்குடுங்க மேடம், அது போதும்" என்றாராம் முதலாளி. "ஒரு தவளையத் தொடாதவன் நோயாளிய எப்படித் தொடுவான்?" என்று கேட்டுவிட்டு, அன்றே பஸ் ஏறிவிட்டார். அதன்பின் அபிராமபுரம் வீட்டிலேயே பாடம், காலில் சர்க்கரைப் புண் வைத்துப் படுக்கும் வரை.

அந்த வீட்டில் கண்டதை எழுதவே கை கூசுகிறது. ஐஸ் பெட்டி வந்தது, மின்சாரம் போனது. வந்த முகத்திலெல்லாம் கைக்குட்டை. கட்டுக் கட்டாக ஊதுபத்தி, போதாததற்கு அத்தர் வேறு. பாடைக்கு மாற்றும் நேரத்தில் தலைப் பக்கம் தூக்க நாலு பேர் முட்டிக்கொண்டார்கள். கால் பக்கம் ஒருவரும் இல்லை.

"கால யாராவது புடிங்கப்பா."

"வேன் டிரைவரக் கூப்புடு மச்சி. அவனுக்குப் பழக்கம்."

சொன்னவன் சுரேஷ்.

"சீ!" என்றேன். மயிலாப்பூர்க் குளம் வரை கேட்டிருக்கும். அவன் மூஞ்சியைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் சொன்னவன் நான். அண்ணியின் சட்டத்தில் யாருக்கும் விலக்கு கிடையாது.

முன்னே போனேன். புண்ணின் கட்டு நனைந்திருந்தது. ஊரிலுள்ள இன்ஜினையெல்லாம் தூக்கிய இந்தக் கைகளை அந்தக் கால்களுக்கு அடியில் கொடுத்தேன். சுரேஷ் கைக்குட்டையை எடுக்கவேயில்லை.

முன்னாடி வந்துட்டேன் அண்ணி. கண்ணையும் மூடல. போயிட்டு வாங்க.