மைத்துனர் அந்த மட்சுக்குப் போனாரா?

என் மனைவியின் அண்ணன் எழுபதுகளின் தொடக்கத்தில் புலமைப்பரிசில் பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர். அங்கேயே தங்கிவிட்டார். 2009 புத்தாண்டுக்குத் தன் மனைவியோடு குட்மேய்ஸில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தபோது, எல்லோருக்கும் சொக்லேட்டும் எனக்கென்று தனியாக ஒரு டிவிடியும் கொண்டுவந்தார். அவருடைய பல்கலைக்கழகம் அந்தக் காலத்தில் ஆடிய ஒரு கால்பந்து ஆட்டம் அதில் இருந்தது.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் காலால் உதைப்பது அபூர்வம். இரண்டு முனையும் கூரான பந்தை ஒருவர் அணைத்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் அவர் மேல் விழுவார்கள். பல்கலைக்கழகங்களின் பருவம் முடிந்த பிறகு, நன்றாக ஆடிய அணிகளை அழைத்து, குளிர் குறைந்த ஊர்களில் கடைசியாக ஓர் ஆட்டம் வைப்பார்கள். அதற்குப் ‘பௌல்’ என்று பெயர். பெரிய பௌல்கள் புத்தாண்டு நாளில் நடக்கும். அப்படி ஒன்றுக்கு மாணவர்களோடு இரவு பகலாக பஸ்ஸில் போனதாக மைத்துனர் சொல்வார்.

போனார் என்று எழுதாமல் சொல்வார் என்று எழுதுவதற்குக் காரணம் அவருடைய மனைவி. அந்த விடுமுறை முழுக்க மைத்துனர் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் கோப்பை கழுவினார், ஆட்டத்தை அங்கிருந்த தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, நேரில் போனதாகக் கல்யாணத்துக்கு முன்பே தனக்கு எழுதிய கடிதத்தில் அளந்தார் என்பது அந்த அம்மாவின் கட்சி. மைத்துனரிடம் டிக்கெட்டும் இல்லை, படமும் இல்லை. அதனால் அந்த வீட்டில் எந்த வாக்குவாதமும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். காரைப் பூட்டினேன் என்று அவர் சொன்னால், “ஓம், மட்சுக்குப் போன மாதிரித்தானே” என்று பதில் வரும். மருந்து குடித்தேன் என்றாலும் அதே பதில்.

இடைவேளையில் தொலைக்காட்சிக் கமரா தன்னைக் காட்டியது என்பதில் மைத்துனருக்குச் சந்தேகமே இல்லை. கூடப் படித்த ஒருவர் பழைய ஒளிபரப்பைத் தேடிப் பிடித்து அவருக்கு அனுப்பியிருந்தார். அதை அவர் தனியாகப் பார்க்கவில்லை. சாட்சி வேண்டும் என்று, உறையைப் பிரிக்காமலே கடல் கடந்து கொண்டுவந்திருந்தார்.

“தம்பி, நீர் கண்ணால கண்டதைத்தான் சொல்லுவீர். நீர் சொன்னா இவ நம்புவா.”

அந்த நாட்களில் எங்கள் தொலைக்காட்சி ஊரில் நடந்த போரின் செய்தியைத் தவிர வேறெதையும் காட்டுவதில்லை. புத்தாண்டு அன்று மதியச் செய்தி முடிந்ததும் நான் சத்தத்தைக் குறைத்தேன். என் மனைவிதான், “அண்ணா, உங்கட மட்சைப் போடுங்கோவன்” என்றாள்.

எங்கள் டிவிடி கருவி அமெரிக்கத் தட்டை ஏற்கவில்லை. மடிக்கணினியில் போட்டு, வயரால் தொலைக்காட்சியோடு இணைத்தேன். ஆட்டம் தொடங்கியதும் மைத்துனர் எழுந்து நின்றுவிட்டார். எப்போதோ முடிந்துபோன ஆட்டத்துக்கு ஆலோசனை சொல்லத் தொடங்கினார்.

“இடப்பக்கம் ஓடு. இடப்பக்கம் ஓடடா.”

“அவன் இப்ப பேரப்பிள்ளை கண்டிருப்பான். விடுங்கோ” என்றார் அவர் மனைவி, சோபாவிலிருந்து பயற்றங்காய் முறித்தபடி.

இடைவேளை வந்தது. மாணவர் பகுதியில் ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு கறுப்பு அட்டையும் ஒரு மஞ்சள் அட்டையும் வைத்திருப்பார்களாம். விசில் ஊதியதும் அவரவருக்குச் சொல்லப்பட்ட நிறத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் மஞ்சள் பரப்பில் பல்கலைக்கழகத்தின் முதல் எழுத்து கறுப்பாகத் தெரியும். விசில் ஊதியது. எழுத்து தெரிந்தது. கமரா அதை நோக்கி நெருங்கியது.

“இந்தா, படிக்கட்டுக்குப் பக்கத்தில. நிப்பாட்டும், தம்பி.”

நிறுத்தினேன். திரை முழுக்க அட்டைகள். அட்டைகளின் ஓரங்களில் விரல்கள். ஒரு முகம்கூட இல்லை.

அட்டையைத் தூக்கினால் முகம் மறையும் என்பதை இத்தனை வருடமும் அவர் எப்படி யோசிக்காமல் இருந்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

“எல்லாரும் அட்டையா இருக்கினம்” என்றார் அவர் மனைவி. “இதில நீங்கள் எது?”

மைத்துனர் உட்கார்ந்துவிட்டார். சாட்சி என்று என்னை நியமித்திருந்ததால், திரைக்கு அருகே போய்க் கவனமாகப் பார்த்துவிட்டுக் கண்டதைச் சொன்னேன். கறுப்பு எழுத்தின் வலது காலில், படிக்கட்டை ஒட்டி, ஓர் அட்டை மட்டும் மஞ்சளாக இருக்கிறது.

“அது டிவிடி பழுது” என்றார் மைத்துனர், கொஞ்சம் அவசரமாக.

பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டேன். பழுது என்றால் அது திரையில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இந்த மஞ்சள் சதுரம் கூட்டத்தோடு சேர்ந்து நகர்ந்தது. அதைப் பிடித்திருந்த விரல்களும் தெரிந்தன.

அவர் மனைவி பயற்றங்காய்த் தட்டைக் கீழே வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே வந்தார்.

“இது வருசம் பிறந்த அண்டைக்குத்தானே நடந்தது?”

“ஓம்.”

“உங்களை எந்த அட்டையைத் தூக்கச் சொன்னவங்கள்?”

மைத்துனர் வாய் திறப்பதற்குள் அவர் மனைவி என் பக்கம் திரும்பினார். “மகள் பிறந்த அண்டைக்கு ஆஸ்பத்திரியில கறுப்புப் பேனையால கையெழுத்து வைக்க மாட்டன் எண்டு நிண்ட மனுசன் இது. நர்ஸ் நீலப் பேனை தேடி மாடி மாடியா ஏறினவ. இவர் வருசத்தின்ர முதல் நாள் கறுப்பைத் தூக்கிப் பிடிப்பாரே? இது இவர்தான்.”

“அது நான் இல்லை” என்றார் மைத்துனர்.

“அப்ப நீங்கள் போகேல்லை.”

“போனனான்.”

“போயிருந்தா இது நீங்கள்.”

மைத்துனர் என்னைப் பார்த்தார். “அட்டை மஞ்சள், அண்ணை” என்றேன். “அதுக்கு மேல என்னால சொல்ல ஏலாது.”

கடைசியில் மைத்துனர் சொன்னார்: “அண்டைக்குக் காலமை நான் கையில எடுத்த முதல் சாமான் அதுதான். வருசப் பிறப்புக்குப் பெரியாக்கள் தாற கைவிசேஷக் காசு மாதிரி. அதில கறுப்பை என்னெண்டு எடுக்கிறது?”

“கைவிசேஷம் சித்திரையிலயெல்லோ, அண்ணா” என்றாள் என் மனைவி.

“அங்க சித்திரைக்கு ஆர் லீவு தாறது?” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “ஒரு புள்ளியால தோத்துப்போனம். திரும்பி வரேக்க பஸ் முழுக்க, எழுத்தைக் கெடுத்தவன் ஆரெண்டுதான் கதை. எல்லாரும் திட்டினவங்கள். நானும் சேந்து திட்டினனான்.”

அவர் மனைவி சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்ச ஆட்டத்தைப் போடச் சொன்னார். பாதிப் பயற்றங்காய் மைத்துனரின் மடிக்கு மாறியது. அணி மறுபடியும் அதே ஒரு புள்ளியால் தோற்றது.

“நீங்கள் கறுப்பைத் தூக்கியிருந்தா வெண்டிருப்பினம்.”

“தூக்கியிருந்தா இதைவிட மோசமாத் தோத்திருப்பம்.”

இதில் இருவருக்கும் நல்ல வாக்குவாதம் நடந்தது. அது ஓயும் முன்பே அவர் மனைவி, மறுபடியும் அந்த அட்டைகளைத் திரையில் கொண்டுவந்து அப்படியே நிறுத்தி வைக்கும்படி எனக்குச் சொல்லிவிட்டு, டொரொண்டோவில் இருக்கும் தங்கைக்குத் தொலைபேசி எடுத்தார். மைத்துனர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மட்சுக்குப் போனது உண்மைதானடி. இப்ப பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். இல்லை, முகம் தெரியேல்லை. ஓமோம், இவர்தான், வடிவாத் தெரியுது. மஞ்சளா இருக்கிறார்.”