எட்டு ஓமத் தண்ணீர்த் தக்கைகள்

கம்பவுண்டர் ஞானதாஸ் நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டான் என்ற செய்தியைக் கடியப்பட்டணத்து மீன்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திச் சொன்னார். வேறு ஞானதாஸோ என்று நான் சந்தேகப்பட்டுவிடக் கூடாதே என்று, "நம்ம காலு கிளட்சு கம்பவுண்டர்தான்" என்றும் சேர்த்துக்கொண்டார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அவன் கலக்கிய மருந்தைக் குடித்த உங்களுக்கெல்லாம் அவனுடைய வண்டிச் சத்தமும் தெரிந்திருக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். யுத்தம் முடிந்து பட்டாளம் தள்ளிவிட்ட வண்டிகள். அவனுடையது காலால் மிதிக்கிற கிளட்ச். உள்ளே எண்ணெயே படாத தகடுகள். என்னுடையது கையால் பிடிப்பது. தகடு முழுக்கத் துளைகள், துளைக்கொரு தக்கை, எல்லாம் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். "உனக்க வண்டிக்கு தெனமும் எண்ணெய்க் குளிதாம்லே" என்பான். எதிரே மாடு வந்தால் அவன் காலும் கையும் படுகிற பாட்டை நான் நடித்துக் காட்டுவேன்.

களியக்காவிளைக்கு நான் பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் என் கிளட்ச் வழுக்கியது. இன்ஜின் அலறும், வண்டி நகராது. திறந்து பார்த்தால் எட்டுத் தக்கைகளைக் காணோம். ஏற்கனவே இரண்டு இடங்கள் தட்டிப்போனவன் நான். ஞானதாஸ் ஆஸ்பத்திரிக்குப் போய் எட்டு மருந்துப்புட்டித் தக்கைகளோடு திரும்பினான். வேகவைத்து, துளைகளில் இறுக்கி, உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்கினான்.

மறுநாள் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். ஏற்றத்தில் கிளட்ச் சூடாகச் சூடாக ஓமத் தண்ணீர் மணம் கிளம்பியது. பெண் வீட்டு முற்றத்தில் இறங்கியபோது எங்கள் துணியெல்லாம் அதே மணம். பெண்ணின் தாய்மாமன் மூக்கை உறிஞ்சிவிட்டு, "மாப்பிளைக்கு வயித்துக் கோளாறு உண்டுமோ?" என்றார். மூன்றாவது இடமும் போயிற்று என்று நினைத்தேன்.

ஞானதாஸ் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, முற்றத்திலேயே கிளட்ச் மூடியைக் கழற்றினான். "மாமா, மணக்கது இவனுக்க வயிறு இல்ல, வண்டிக்க வயிறு. இஞ்ச வந்து மோந்து பாருங்க." பிறகு காபி ஆறுகிறவரை பிரசங்கம்: ஆஸ்பத்திரி ஓமத் தண்ணீர்ப் புட்டித் தக்கைகள் எட்டு உள்ளே போன கதை, எண்ணெய்க் கிளட்ச், உலர்ந்த கிளட்ச், கை, கால், எது எப்போது வழுக்கும் என்று. "தக்கை மெதுவாத்தான் பிடிக்கும் மாமா, பிடிச்சா விடாது. ஆளும் அப்பிடித்தான்."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்போ அந்த எட்டுப் புட்டியும் இப்பம் தெறந்தா கெடக்கு?"

அவன் குனிந்து கிளட்ச் மூடியை மாட்டத் தொடங்கினான். கேட்டவள்தான் என் மனைவி.

அன்று அவள் கேட்டதற்கு அவனுடைய அடக்கத்தன்றுதான் ஆஸ்பத்திரி நர்ஸம்மா பதில் சொன்னார். திறந்த மருந்தை நோயாளிக்குக் கொடுக்கக் கூடாதென்று, எட்டுப் புட்டியையும் அவனே வாங்கி ஒரு வாரம் குடித்துத் தீர்த்தானாம். அந்த வாரம் அவன் மூன்று வேளையும் என் வீட்டில்தான் சாப்பிட்டான். "ஒரே பசியாட்டு இருக்கு மக்கா" என்பான். பெண் பேசிக் கொடுத்ததற்குக் கூலியா என்று நான் கேலி செய்தேன். அதை நினைத்ததும் கல்லறைத் தோட்டத்திலேயே எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை அதன் பிறகுதான் வந்தது.

வண்டி இன்னும் அந்த எட்டுத் தக்கைகளோடுதான் ஓடுகிறது. மணம் போய் வருஷங்கள் ஆயிற்று. ஆனாலும் ஏற்றம் வந்தால் என் மனைவி பின்னாலிருந்து ஒருமுறை மூக்கை உறிஞ்சிப் பார்ப்பாள். இனி நானும் பார்ப்பேன்.