காபி வேண்டாம் என்றால் விடியாது

லிங்கராஜபுரத்து ஐரின் எதையும் முடித்ததில்லை. இது அவதூறு இல்லை, அவள் வீட்டு அலமாரியே சாட்சி. ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர் ஒன்று அதில் இருக்கிறது. டிசம்பர் வந்தால் அவள் கணவர் தியோடர் அதை எடுத்துப் பார்ப்பார், ஒரு பக்கம் மட்டும் குளிர்கிற மனிதனாகப் பிறந்திருக்கலாமே என்று. கன்னட எழுத்து வகுப்பையும் நடுவில் விட்டுவிட்டதால் பஸ் போர்டில் பாதி ஊரை அவளே படித்துவிடுவாள், மீதி ஊருக்குக் கண்டக்டரைக் கேட்பாள். தியோடரின் அக்கா பிலோமினா இத்தனைக்கும் சேர்த்து ஒரே பட்டம் கொடுத்திருந்தார்: முக்கால் ஐரின். அரை என்று சொல்லாமல் விட்டது நாத்தனார் என்ற முறையில் காட்டிய தாராளம்.

இந்த ஐரின்தான் ஒரு கேம் ஜாமுக்குப் பெயர் கொடுத்தாள். சனிக்கிழமை காலை வெறுங்கையோடு உட்கார்ந்து, ஞாயிறு மாலைக்குள் ஒரு விளையாட்டைச் செய்து முடிக்கிற திருவிழா அது. கம்மனஹள்ளியில் ஒரு பேக்கரியின் மாடி ஹாலில் நடந்தது. எந்த பாஷையிலும் செய்யலாம், எந்த வயதிலும் செய்யலாம். முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவள் செய்ய நினைத்தது விஷுவல் நாவல். திரையில் படம் வரும், கீழே ஆட்கள் பேசுவது எழுத்தாக ஓடும். நடுநடுவே ‘இதைச் சொல்வாயா, அதைச் சொல்வாயா’ என்று கேட்கும். எதைத் தொடுகிறோமோ அந்த வழியில் கதை போகும்.

“சுடறது, குத்தறது ஒண்ணும் இல்லியா?” என்றார் தியோடர்.

“பேசறதுதாங்க விளையாட்டு.”

“அதை வீட்லயே தினம் ஆடி தோத்துட்டுதானே இருக்கேன்.”

கதை அவளுக்குக் கோயிலில் கிடைத்தது. பூசைக்குப் போகும்போதெல்லாம் அவள் உட்காரும் இடத்துக்கு நேரே மிக்கேல் சம்மனசின் சுரூபம், வாளேந்திய தேவதூதரின் சிலை. சம்மனசின் காலடியில் ஒரு பறவைநாகம், அதாவது டிராகன், வாயைப் பிளந்து கிடக்கும். மற்றவர்களுக்கு அது சாத்தான். பிரசங்கம் நீளும் நாட்களில் ஐரினுக்கு மட்டும் அது, யாராவது வந்து ஒரு வாய் காபி கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் வீட்டுக்காரர் மாதிரி தெரியும்.

ஆகவே கதை இப்படி: பறவைநாகம் விடியலை விழுங்கிவிட்டது. ராஜ்ஜியத்தில் இருட்டு. ராணியின் தூதுவி குகைக்குப் போய் விடியலைத் திருப்பிக் கேட்கிறாள். வந்தவளை உட்கார வைத்து நாகம் முதலில் கேட்பது, “காபி சாப்பிடறீங்களா?” தூதுவி மரியாதைப்பட்டவள், வேண்டாம் என்பாள். நாகம் வற்புறுத்தும். மறுபடி வேண்டாம். மூன்றாவது மறுப்புக்குப் பின் நாகம் கேட்காமலேயே அடுப்பை மூட்டும். காபிக்குப் பால் வேண்டும். விடிந்தால்தானே பால்காரன் வருவான்? வேறு வழியில்லாமல் நாகம் விடியலைத் துப்பும். சுபம்.

படம் போட்டது சுஹாஸ். காக்ஸ் டவுனில் ஐரின் ரிசப்ஷனில் உட்காரும் பல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறவன். அவன் வரைந்த நாகத்தின் உடம்பு சுமார்தான். பற்கள் மட்டும் ஒன்றுகூடக் குறையாமல், ஈறோடு, வேரோடு இருந்தன. கடைவாய்ப் பல்லுக்கு உலோகத்தில் ஒரு கேப்பும் போட்டிருந்தான்.

“டிராகனுக்கு எதுக்குடா கேப்?”

“நெருப்பு விடுதல்லா அக்கா. எனாமல் தாங்கல்ல.”

இரண்டு நாளும் ஐரின் தரையில் நடக்கவில்லை. கீழே பேக்கரியில் பப்ஸ் வேகும் வாசம் மேலே ஏறியது, அவள் வசனங்களும் கூடவே ஏறின. நாகத்துக்குத் தாடி வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். தானே எழுதிய ஜோக்குக்குத் தானே சிரித்து, பக்கத்து மேஜையில் விண்கலம் செய்துகொண்டிருந்த பையன்களின் கவனத்தைக் கெடுத்தாள். ஞாயிறு மத்தியானம் சுஹாஸ் கடைசிப் படத்தைச் சேர்த்ததும், இருவரும் ஓட்டிப் பார்க்கக்கூட நேரமில்லாமல் ஓடிப்போய் ஒப்படைத்தார்கள்.

ஹாலை நடத்திய சஹானா விதியைச் சொன்னாள். “இனிமே ஃபைல்ல கை வெக்கக் கூடாது மேடம். உங்க டீம்ல இல்லாத ஒருத்தர், க்ளோசிங்குக்குள்ள இதைக் கடைசிவரைக்கும் ஆடிக் காட்டணும். அப்பதான் முடிஞ்ச கேம்னு எடுத்துப்போம். நீங்க வாயைத் திறந்து ஹின்ட் குடுக்கக் கூடாது.”

தமிழ் படிக்கத் தெரிந்த வெளியாள் அந்த ஹாலில் இல்லை. போன் போட்டதும் தியோடர் பைக்கில் வந்தார், பின்சீட்டில் பிலோமினாவோடு. “முக்காலுக்கு மேல என்ன ஆகுதுன்னு பாக்க வந்தேன்” என்றார் பிலோமினா, நாற்காலியை முந்தானையால் தட்டிக்கொண்டே.

முதலில் தியோடர் ஆடினார். நாகம் காபி கேட்டது. ‘வேண்டாங்க, இப்பதான் குடிச்சேன்’ என்பதைத் தொட்டார். நாகம் வற்புறுத்தியது. வேண்டாம். வற்புறுத்தியது. வேண்டாம். வற்புறுத்தியது.

“நல்ல மனுஷன். எவ்ளோ உபசாரம் பாரு” என்று தியோடர் நெகிழ்ந்துபோய் மறுபடி வேண்டாம் என்றார்.

அடுப்பு மூட்டப்படவில்லை. ஐரினுக்கு அப்போதுதான் புரிந்தது. எத்தனை முறை மறுத்தார்கள் என்ற எண்ணிக்கையை, காட்சியின் முதல் வரியிலேயே பூஜ்யமாக்கி வைத்திருந்தாள். மறுக்க மறுக்கக் காட்சி முதல் வரிக்கே திரும்பியது. நாகத்துக்கு ஒவ்வொரு மறுப்பும் முதல் மறுப்புதான். உலகம் உள்ளவரை அது காபி கேட்டுக்கொண்டே இருக்கும், இவர்களும் வேண்டாம் என்றுகொண்டே இருப்பார்கள்.

பக்கத்தில் இன்னொரு பொத்தான் இருந்தது: ‘குடுங்க, குடிக்கிறேன்.’ அதைத் தொட்டால் கதை நேரே அடுப்புக்குப் போய்விடும். ஒப்புக்குத்தான் ஒரு வரி போட்டு வைத்திருந்தாள். கேட்ட உடனே சரி என்கிறவர்கள் யார் இருக்கிறார்கள்?

“ஏனாயித்து அக்கா, என்ன ஆச்சு?” என்று கிசுகிசுத்தான் சுஹாஸ். அவள் துப்பட்டா நுனியைக் கடித்தாள்.

தியோடர் களைத்துப்போய் எழுந்தார். “வீட்டுக்காரர் மனசு நோகும், இதுக்கு மேல என்னால முடியாது.”

பிலோமினா உட்கார்ந்தார். ஐரினுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. எந்த வீட்டிலும் முதல் தடவை கேட்டு எதையும் வாங்கிக் குடித்த வரலாறு பிலோமினாவுக்குக் கிடையாது. அவருடைய மறுப்பு நீளமானது. அந்த நீளத்தை நம்பித்தான் ஐரின் வீட்டில் பாலே இல்லாத நாளிலும் தைரியமாகக் காபி கேட்பாள். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று முடிப்பதற்குள் தியோடர் பின்வாசல் வழியாகப் போய் நந்தினி பால் பாக்கெட்டோடு வந்துவிடுவார்.

நாகம் கேட்டது. பிலோமினா மறுத்தார். நாகம் கேட்டது. மறுத்தார். அப்புறம் நேரே திரையோடு பேச ஆரம்பித்தார்.

“வேணாம்ப்பா. சொன்னா கேக்கணும்.”

கேட்டது.

“தோ பாரு, விருந்து சாப்ட்டு வந்திருக்கேன்.”

கேட்டது. விண்கலப் பையன்கள் எழுந்து வந்து பின்னால் நின்றார்கள். சஹானா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐரின் கண்ணை மூடிக்கொண்டு மிக்கேலிடம் மன்றாடினாள். பிறகு, இந்த விவகாரத்தில் மிக்கேல் எந்தக் கட்சி என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

“யார்ரா இவன், கம்பளிப்பூச்சி மாதிரி ஒட்டிக்கறான்” என்றார் பிலோமினா. முகம் சிவந்துவிட்டது. “இவ்ளோ பல்லை வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை புரியல. குடு. குடுத்துத் தொலை. குடிச்சுட்டே போறேன்.”

தொட்டுவிட்டார்.

நாகம் கேட்பதை நிறுத்தியது. அடுப்பு எரிந்தது. பால் இல்லை. தாடியைச் சொறிந்தது. பிறகு கடைவாய் கேப் மின்ன வாயைத் திறந்து விடியலைத் துப்பியது. சுஹாஸ் வைத்திருந்த ஆரஞ்சு நிறமெல்லாம் திரை முழுக்க வழிந்தது, தூரத்தில் ஒரு பால்காரனின் சைக்கிள் மணி கேட்டது. கீழே ‘முற்றும்’ என்று வந்தது.

“முடிஞ்சுது” என்றாள் சஹானா, பெயருக்கு நேரே டிக் அடித்து.

ஐரின் அந்த ‘முற்றும்’ என்ற சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதியவள் அவள்தான். ஆனாலும் யாரோ அவளுக்காக எழுதிப் போட்டது போலிருந்தது. சிரித்தாள், சுஹாஸின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், மறுபடி சிரித்தாள். பிலோமினா மட்டும் திரையை விட்டு நகரவில்லை.

“அதுக்குள்ளயா? காபி குடுக்கவே இல்லியே.”

“அவ்ளோதான் அக்கா கதை.”

“பால் வாங்கப் போனவன் திரும்பி வர்றதைக் காட்டாம முடிச்சுட்டியே” என்று தம்பியை ஓரக்கண்ணால் பார்த்தபடி எழுந்த பிலோமினா, கொஞ்சம் யோசித்து, “சரி, முழுசு ஐரின்தான். இந்தத் தடவைக்கு மட்டும்” என்றார்.

ஆட்டோ பிடித்து மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். பைக்கை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்றார் தியோடர், அவ்வளவு சந்தோஷம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஐரின் பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

“அக்கா, காபி போடட்டுமா?”

“போடு” என்றார் பிலோமினா.

ஐரின் தியோடரைப் பார்த்தாள். தியோடர் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.