எண்ணெய் தடவாத தகடு

“தகட்டுக்கு வலிக்காதா மாமா?”

இரும்புத் தகடுகளை ஆராயும் ஒருத்தியின் மகள், ஐந்து வயதில் ஆய்வகத்துக்கு வந்தபோது கேட்ட கேள்வி இது. தகட்டை அழுத்தும் பிரஸ் இயந்திரத்தை இயக்குபவர் சிரிக்கவில்லை. “வலிக்கும் கண்ணு. அதான் எண்ணெய் தடவுறேன்” என்றார். வட்டத் தகட்டின் இரண்டு பக்கமும், பிறகு அச்சின் விளிம்பிலும், காய்ச்சல் கண்ட பிள்ளைக்குத் தைலம் தேய்ப்பதுபோல் வெறும் கையால் தடவினார்.

“மாமா தலைக்குக்கூட இவ்வளவு வைக்க மாட்டாரு” என்றான் எலக்ட்ரீஷியன்.

“தலையிலதான் முடியே இல்லையேப்பா!” என்றார் அவர்.

அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் எண்ணெய் மாமா.

இனி வருவதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் நடந்தது. யாருக்கு நடந்ததோ, அந்தச் சிறுமியின் அம்மா, பேய் என்றாலே முகம் சுளிப்பவள். எண்களை மட்டுமே நம்புகிறவள்.

தகடு அழுத்தத்தில் எப்படி வளையும், எங்கே கிழியும் என்று கணினியில் முன்கூட்டியே கணக்கிடுவது அவள் ஆராய்ச்சி. கணக்கு சரியா என்று மாமா பிரஸ்ஸில் கிண்ணம் அழுத்திக் காட்டுவார். அந்தக் கிண்ணங்களை வைத்துத்தான் தகட்டுக்கும் அச்சுக்கும் இடையிலான உராய்வை 0.05 என்று அவள் குறித்திருந்தாள். அது இரும்பின் குணம் என்று நினைத்தாள்.

மூன்று மாதத்துக்கு முன், கிழியாது என்று அவள் கணக்கிட்டிருந்த ஒரு கிண்ணம் விருந்தினர்கள் முன்னால் கிழிந்தது. அன்று மேலதிகாரி சொன்னபடி, தொழிற்சாலைகளில் செய்வதுபோல, மாமா ரோலரால் ஒரே ஒருமுறை எண்ணெய் இட்டிருந்தார்.

“என்ன அண்ணே இது?”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வெளிறிப் போயிருந்தது.

“என் கைத்தப்புதான் தங்கச்சி” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

தன் மானத்தைக் கொடுத்து இன்னொருவர் மானத்தைக் காப்பவர்களைக் கடவுள்தான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அவள் வைக்கவில்லை. ‘இயக்குபவர் தவறு’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். இரண்டு முறை மாடிப்படி வரை வந்து நின்றார்.

“ஒரு நிமிஷம் பேசணும் தங்கச்சி.”

“அப்புறம் அண்ணே.”

குற்றமுள்ள நெஞ்சு. முகம் பார்க்கக் கூசியது. அந்த ‘அப்புறம்’ வரவேயில்லை. போன செவ்வாய்க்கிழமை, மாரடைப்பில் அவர் போய்விட்டார்.

ஞாயிறு. பிற்பகல் 2:40. கட்டடத்தில் அவள் மட்டும். திங்கள் காலை அறிக்கை போக வேண்டும். அதை நம்பித்தான் சமையல் எரிவாயு உருளை செய்யும் ஒரு தொழிற்சாலை மெல்லிய தகட்டுக்கு மாறப்போகிறது. கணக்கு பிசகினால், எவள் வீட்டு அடுப்படியிலோ உருளை வெடிக்கும். கடைசியாக ஒருமுறை கணினியில் ஓட்டிப் பார்த்தாள்.

2:58. திரையில் சிவப்பு. 58 மில்லிமீட்டர் ஆழம் இறங்கியதும், கிண்ணத்தின் அடி வளைவு கிழிந்திருந்தது. உராய்வு எவ்வளவு என்று பார்த்தாள். 0.12.

கை தவறியிருக்கும். 0.05 என்று திருத்தினாள்.

3:17. மறுபடி சிவப்பு. மறுபடி 0.12.

இந்த முறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

3:36. சிவப்பு... 0.12.

அப்போதுதான் கீழே அந்தச் சத்தம்.

ம்ம்ம்ம்ம்... டொக்.

பம்ப்பின் முனகல். தகட்டை அழுத்தும் பஞ்ச் இறங்கி நிற்கும் டொக். ஆறு வருடமாகக் கேட்ட சத்தம்.

பிரஸ் அறை பூட்டியிருந்தது. அவளிடம் இருந்த சாவியால் திறந்தாள்.

மெயின் சுவிட்ச் அணைத்தே இருந்தது. ஆனால் எண்ணெய் வாசனை...

மேசைமேல் ஒரு கிண்ணம்.

தொட்டாள். சூடு.

உள்ளும் புறமும் வறண்டிருந்தது. விளிம்பில் மட்டும் ஒரு துளி எண்ணெய். கட்டைவிரல் ரேகை. அதன் குறுக்கே ஒரு கோடு... மாமாவின் விரலைத் தகடு கிழித்த பழைய தழும்பு.

அடி வளைவு கிழிந்திருந்தது.

ஆழத்தை அளந்தாள்.

58.

“அண்ணே...”



தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் சொல்ல வந்தது இப்போது புரிந்தது. 0.05 இரும்பின் குணமல்ல. ஒரு மனிதனின் கை. தொழிற்சாலையில் அந்தக் கை இருக்காது.

மாலைக்குள் அறிக்கையை மாற்றினாள்: இந்த மெல்லிய தகடு வேண்டாம், கிழியும்.

மறுநாள் எலக்ட்ரீஷியனிடம் கேட்டாள். “நேத்து பிரஸ் ஓடுச்சா?”

“எப்படி மேடம் ஓடும்? மாமாவும் போயிட்டாரு, இனி யாராச்சும் கையைக் கொடுத்துடப் போறாங்கன்னு வெள்ளிக்கிழமையே ஃபியூஸைப் பிடுங்கிட்டேன். இதோ, என் பையிலேயே கிடக்கு.”

ஒவ்வொரு அழுத்தத்தையும் எண்ணும் மீட்டர் ஒன்று பிரஸ்ஸில் உண்டு. வெள்ளிக்கிழமை அவன் பதிவேட்டில் எழுதியது 41206.

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

41207.

அன்று மாலை எல்லோரும் போனபின், மாமாவின் கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். ‘இயக்குபவர் தவறு’ என்பதை அடித்துவிட்டு, ‘தவறு என்னுடையது. அவர் என்னைக் காப்பாற்றினார்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். நகல் ஒன்றை மேலதிகாரியின் மேசையில் வைத்தாள்.

பிறகு கீழே போனாள். ஒரு வட்டத் தகட்டை எடுத்து, இரண்டு பக்கமும் வெறும் கையால் எண்ணெய் தடவினாள். மெதுவாக. வலிக்காதபடி.